ஓட்டையக்காவும் நூறு பனியனும்

சாமியே நேரில் வந்து நின்றாலும், சாமி கட்டியிருக்கும் பட்டில் எங்கே நூல் அறுந்திருக்கிறது என்றுதான் ஓட்டையக்கா முதலில் பார்ப்பார். அருள்புரத்து பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்கு அவர்தான் தலை. உண்மைப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. தோசையைக்கூட டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்பார். ஒரு கல்யாணத்தில் அட்சதை போடக் கை தூக்கியவர், "மாப்பளைக்கு அக்குள்ல தையல் உட்டுப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

அவர் வேலைக்கே உலை வைக்கும் மிஷினை அங்கே கொண்டுபோனவன் நான். கேமராவால் துணியைப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் அது. மிஷின் தேறினால் செக்கிங் பெண்கள் பன்னிரண்டு பேரும் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நம்பர் ஒட்டிய நூறு பனியன்களை வைத்தோம். நாலில் ஓட்டை, எந்தெந்த நம்பர் என்ற பட்டியல் என் பையில். மிஷின் தொண்ணூற்றேழு பனியனைச் சரியாகச் சொன்னது. முதலாளி என் முதுகைத் தட்டினார்.

"ஏனுங் கண்ணு, நாலு ஓட்டைல எத்தனைய புடிச்சுது?" என்றார் ஓட்டையக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"ஒண்ணுங்க."

"அப்ப இந்த ஸ்டூலுக்கே தொண்ணூத்தாறு மார்க்குங்க. வாயே தொறக்காம நூறும் நல்லதுங்குதே."

மிஷினைக் கொஞ்சம் கறாராக்கி மறுபடி ஓட்டினேன். நாலும் மாட்டின. கூடவே முப்பது நல்ல பனியனும் மாட்டின.

"நாலு திருடனுக்கு ஊரையே ஸ்டேசன்ல உக்கார வெச்சிருச்சுங்க" என்றார் அக்கா.

முதலாளிக்குச் சுருக்கென்றது. "செரி, நீங்க பாருங்க" என்று நூறையும் கலைத்து அக்கா மேசையில் கொட்டினார்.

அக்கா மூன்றைப் பிடித்தார். நாலாவதைத் தடவிப் பார்த்து நல்லதோடு போட்டுவிட்டார். அவரைக் காப்பாற்ற, பட்டியல் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"மூணுதானுங்க கெடைச்சுது. ஒண்ண உட்டுபோட்டேன்" என்று அக்காவே சொன்னார். "நூறு பாத்தா கண்ணு பூத்துப்போவுதுங்க. மிஷினு ஒதுக்குனத மட்டும் குடுங்க, பாக்கறேன்."

அந்த முப்பத்து நாலையும் நம்பர் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். இந்த முறை ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். முன்னே பிடித்த மூன்றும் வந்து போயின. முப்பது முடிந்தும் நாலாவதைக் காணோம். முப்பத்தோராவதில், கையை மூட்டிய தையலுக்கு அடியில், அவர் விரல் நின்றது.

முதலாளி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "திங்கக்கெழம எல்லாருமே வந்துருங்க. மிஷினும் இருக்கட்டும்."

மிஷின் விற்க வந்தவன் நான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அக்கா பார்த்துவிட்டார்.