கிடங்கை மூடிய கைத்தொலைபேசி

வீதி திருத்துவதற்குக் கல்லும் தாரும் வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த இருண்ட காலத்தை முடித்துவைத்த பெருமை எங்கள் பிரதேச சபைக்கே உரியது. நாங்கள் கைத்தொலைபேசியால் திருத்தினோம். ஊடகப் பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் அந்தச் சாதனையில் எனக்கும் பங்குண்டு. அந்தப் பிரிவில் நான் மட்டும்தான்.

பண்டத்தரிப்பிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையின் நடுவில் ஒரு பெரிய கிடங்கு, ஆளை விழுத்தும் பள்ளம். நிவேதனா ரீச்சர், குருவிகளைப் படம் பிடிக்கும் தன் கமெராவால் அதை எடுத்து, முறைப்பாட்டோடு சபைக்கு அனுப்பியிருந்தார். கிடங்கு, சேறு, உள்ளே கிடந்த ஒற்றைச் செருப்பு எல்லாம் 'அநாகரிகமான' தெளிவோடு தெரிந்தன.

தவிசாளர் குகதாசன் ஐயா என்னைக் கூப்பிட்டார். "நீர் போய் எங்கடை புதுப் போனிலை எடுத்துக்கொண்டு வாரும்."

எடுத்தேன். போன் தன் கடமையைத் தானே உணர்ந்தது. வானத்தை நீலமாக்கியது; சேற்றை வெளுத்தது; கிடங்கின் விளிம்பை மெழுகிவிட்டது. 'அழகூட்டு' என்ற பொத்தானை அழுத்தி மிச்சத்தை நான் முடித்தேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு நல்ல வீதி கிடைத்தது.

சபை கூடி இரண்டு படங்களையும் ஆராய்ந்தது.

"கமெராப் படத்திலை குறை தெரியுது," என்றார் உறுப்பினர் சுபாஸ்கரன்.

"போன் படத்திலை?" என்று கேட்டார் தவிசாளர்.

"ஒரு குறையும் இல்லை."

"அப்ப குறை எதிலை?"

"கமெராவிலைதான் ஐயா."

பார்வையாளர் வரிசையில் இருந்த ரீச்சர் எழும்பினார். "நான் இப்பவும் அந்தக் கிடங்கை விலத்தித்தான் வந்தனான்."

"போனுக்குள்ளாலை பாத்துக்கொண்டு வாங்கோ ரீச்சர்," என்றார் தவிசாளர் கனிவாக. "தெரியாது."

இனிமேல் முறைப்பாடுகள் கைத்தொலைபேசிப் படங்களுடன் மட்டுமே ஏற்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஒழுங்கை 'திருத்தப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடினேன்.

அடுத்த கிழமை மழை. கிடங்கு தண்ணீருக்குள் மறைந்திருந்தது. மீன்பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்த சிமியோன் அண்ணை, திருத்தப்பட்ட வீதிக்குள் தலைகுப்புற இறங்கினார். செய்தி கேட்டு நான் ஓடினேன். அவரைத் தூக்க அல்ல, படம் எடுக்க.

"ஆராவது தூக்கி விடுங்கோவன்," என்று காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

போனும் பணிவாக ஒன்று கேட்டது: 'தேவையற்ற நபரை நீக்கவா?'

ஓம் என்று அழுத்தினேன். அறிக்கையில் விபத்து இல்லை. படத்தில் மீன்கள் மட்டும் நல்ல நிறமாக விழுந்திருந்தன. அண்ணையைப் பிறகு ஓட்டோக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி கத்தரீனா அக்கா கந்தோருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தை என் மேசையில் விரித்தார். கறுப்பு வெள்ளை. எலும்பு இரண்டு துண்டு.

"ஆறு மாதத்துக்குக் கடலுக்குப் போகேலாதாம்," என்றார். "உந்தப் படத்தையும் உங்கடை போனிலை ஒருக்கால் எடுத்து, எலும்பை நேராக்கித் தாங்கோ தம்பி."