ஆயுசுக்கும் நாலு நாற்காலி

"எண்பத்தெட்டு... எண்பத்தொன்பது..."

தச்சுப் பட்டறையின் நடுவில், புதிதாகச் செய்து வைத்திருந்த சாப்பாட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எண்ணிக்கை சொன்னது பட்டறை மேஸ்திரி. யாராவது எண்ணாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன் என்று மனிதர் மிரட்டியிருந்தார்.

தொண்ணூற்று மூன்றாவது தடவை எங்கிருந்தோ 'க்ரீச்' என்றது.

"கேட்டுதா?" என்றார் அவர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில்.

"சார், அது உங்க முழங்கால்."

"முழங்கால்தான்னு எழுதிக் குடுப்பீங்களா?"

மேஸ்திரி அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். மூலையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பாலிஷ்கார அம்மாவுக்கு, மூக்கோடு கட்டியிருந்த துணிக்குள் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது.

"சரி சார். பிரிச்சு மறுபடி பூட்டித் தரேன். பதினஞ்சு நாள் ஆகும்," என்றார் மேஸ்திரி. எரிச்சல்படுவார் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். இப்படிப் பொறுமைசாலியான தச்சர் இந்தக் காலத்தில் கிடைப்பது அபூர்வம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் பூட்டுத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். பெட்டிக்கு ஒரு பூட்டை எடுத்து நூறு தடவை பூட்டி, நூறு தடவை திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார். தொழிற்சாலையில் அவருக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். அது தனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக இந்த வேலை. மாலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை மூடிவிடும். அவர் மூட மாட்டார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மனைவி ஆசையாக வாங்கி வந்து, அவர் கடைக்குத் திருப்பி அனுப்பிய பொருள்களை ஒரு அறையில் அடுக்கினால் அறை போதாது. குடை, தலையணை, ஜன்னல் திரை, ஒரு தடவை மருமகனாக வரவிருந்த பையன். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் நாற்காலியே அமையவில்லை. பார்த்ததெல்லாம் ஆடியது, அல்லது அடுத்த வருஷம் ஆடும் என்று அவருக்குத் தோன்றியது. "நல்லதா கிடைக்கிற வரைக்கும் இது இருக்கட்டும்" என்று நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். கிடைக்கிற வரைக்கும் என்பது இருபத்திரண்டு வருஷம் ஓடியது. மகள் அதில் உட்கார்ந்தே வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்கே போய்விட்டாள்.

ஆறரை மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு மனைவி கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நாற்காலியின் கால் பட்டென்று பிளந்தது. அவள் கீழே விழுந்தாள். கை மடங்கி மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவர் பதறி எழுந்து ஓடிவந்தார். ஓடிவந்து நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"பார்த்தியா? வார்க்கும்போதே உள்ள காத்துக் குமிழி இருந்திருக்கு!"

அவள் தரையில் கிடந்தபடி அவரையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து நேராகத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சகலைதான் நடுவில் நின்று பேசினார். தங்கையின் புருஷன், சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். அவர் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பேச்சு நடந்தது.

"அண்ணி, அண்ணன் பாவம். என்ன செஞ்சா திரும்பிப் போவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மனைவி மாவுக்கட்டுக் கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆயுசுக்கும் நிக்கிற மாதிரி நாலு மர நாற்காலி வாங்கிப் போடட்டும். எந்தக் காலத்துலயும் பழசாத் தெரியக் கூடாது, ஆடக் கூடாது. அது வீட்டுக்கு வந்த அன்னிக்கே நானும் வந்துடறேன். சத்தியமா."

இவ்வளவுதானா என்று அவருக்கு உயிர் வந்தது. சகலை வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஒரு பட்டறை இருந்தது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று விரல் மடக்கினார்.

முதலில் செய்த நாலு நாற்காலியில் ஒன்று ஆடியது. ஒரு காலை இழைத்தார்கள். வேறு கால் ஆடியது. நாலையும் இழைத்து நிறுத்தியபோது ஆட்டம் நின்றது, உயரம் குறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து பார்த்தால் மேசை அவர் மார்புக்கு வந்தது. நாற்காலியைத் திருப்பி அனுப்பினால் மறுபடி மாதக்கணக்கில் ஆகும், மேசையைக் குறைத்துவிடலாம் என்று ஒரு விடுமுறை நாளில் அவரே ரம்பத்தை எடுத்தார். மேசையின் காலை அறுத்தார். மேசை ஆடியது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்து இன்னொரு காலை அறுத்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டு மேசை டீப்பாய் ஆகிவிட்டது.

"இப்ப நாற்காலியை இன்னும் கொஞ்சம் குறைங்க," என்று பட்டறையில் போய் நின்றார்.

"இதுக்கு மேல குறைச்சா அது மணைப் பலகை சார். மேசையும் புதுசாத்தான் செய்யணும்."

"எவ்வளவு நாள்?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மரம் காயணுமே சார். ரெண்டு மாசம்."

ரெண்டு மாசம் ரொம்ப அதிகம் என்று அவருக்குப் பட்டது. ஆனால் ஈர மரம் பின்னால் வளையும் என்பது அவருக்குத் தெரியும். முன்பணத்தை எடுத்து வைத்தார்.

மரம் காய்ந்தது. மேசை முதலில் வந்துவிட்டது. நாற்காலி இன்று மாலை வருகிறது என்று தகவல் வந்த தைரியத்தில் மிச்சமிருந்த மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பழைய சாமான்காரனிடம் போட்டார். மாலையில் நாற்காலி வரவில்லை, போன்தான் வந்தது. வண்டி மாறி வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டதாம். அவர்கள் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டார்களாம். அடுத்த முறை செய்தது பழுப்பு நிறத்துக்குப் பதில் கன்னங்கரேல் என்று வந்தது. அதற்கடுத்தது, நேரான சாய்மானம் கேட்டவருக்கு வளைந்த சாய்மானம்.

"நான் எப்பங்க வளைவு கேட்டேன்?"

"போன்ல சொன்ன மாதிரி ஞாபகம் சார்," என்றார் மேஸ்திரி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் அடுக்களையில் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். நின்றுகொண்டு சாப்பிட்டால் அரை வயிற்றுக்கு மேல் இறங்காது. பேன்ட்டை இழுத்துப் பிடிக்க பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் வெள்ளிக்கிழமை போன். மனைவி எடுப்பாள், பேசுவாள். முன்னெல்லாம் எரிந்து விழுகிறவள், இப்போது பஞ்சு மாதிரி பேசினாள்.

"நாற்காலி என்னாச்சுங்க?"

"சாய்மானம் தப்பாப் போச்சு. மறுபடி செய்யச் சொல்லியிருக்கேன். கோவிச்சுக்காத."

"எனக்கென்னங்க கோவம்? அவசரமே இல்ல. ஆயுசுக்கும் இருக்கப் போறது, நிதானமாப் பார்த்து வாங்குங்க."

"அப்படியா சொல்ற?"

"ஆமா. ஆணி அடிச்சுப் பூட்டறாங்களா, மரத்துக்கு மரம் கோத்துப் பூட்டறாங்களான்னு கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. மறுநாளே போய்க் கேட்டார். இரண்டு இடத்தில் ஆணி இருந்தது. பிரிக்கச் சொன்னார். அடுத்த வெள்ளி, மரத்தில் கணு இருக்கிறதா பார்த்தீர்களா என்றாள். இருந்தது. அதற்கடுத்த வெள்ளி, நாலும் ஒரே மரத்தில் அறுத்ததுதானா என்றாள். இல்லை.

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. இருபத்திரண்டு வருஷமாக இவள் கண்ணில் படாத தரம் இப்போதுதான் படுகிறது. இத்தனை நாள் தன்னைப் புரிந்துகொள்ளாமல் இருந்தவள், தள்ளிப் போனதும் புரிந்துகொண்டுவிட்டாள் என்று சகலையிடம் பெருமையாகச் சொன்னார். சகலை "ம்ம்" என்றார். அவருக்கு உடனே வேறு எங்கோ ஒரு வேலை வந்துவிட்டது.

மேஸ்திரி கடைசியாகக் கேட்ட பதினைந்து நாளும் முடிந்து, ஏழாவது மாதக் கடைசியில் ஒரு காலை, அடுக்களையில் தட்டோடு திரும்பும்போது ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார். தட்டு பறந்து ஜன்னலுக்குக் கீழே போய்ச் சுழன்று நின்றது. இடுப்பில் நல்ல அடி. அவர் முதலில் செய்த காரியம், எந்தத் தரை ஓடு வழுக்கியது என்று பார்த்ததுதான்.

தரையைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

எழுந்திருக்க முடியவில்லை. தரையிலிருந்து பார்க்க வீடு வேறு மாதிரி இருந்தது. கதவு உயரமாக, விட்டம் எங்கேயோ தூரத்தில். யாராவது வந்து "அடி பட்டுச்சா?" என்று கேட்டால் தேவலை என்றிருந்தது. கேட்க ஆள் இல்லை. அவள் இப்படித்தான் கிடந்தாள், அப்போது ஆள் இருந்தான், அவன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்பட யாருமில்லாததால் வாய்விட்டே அழுதார். தரம் பார்த்த இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னையே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேறவில்லை.

அன்று தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். நாலு நாற்காலி பாலிஷ் போட்டு வரிசையாக நின்றன. அவர் தொடக்கூட இல்லை.

"நல்லா இருக்கு மேஸ்திரி. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க. நான் வண்டியோடயே போறேன்."

மேஸ்திரி கையிலிருந்த உளி நழுவியது. "சார், உட்கார்ந்து பார்க்கலையா?"

"வேண்டாம்."

"நூறு தடவை? நான் எண்றேன் சார்."

"வேண்டாங்க."

மேஸ்திரி அவசரமாக ஒரு நாற்காலியைப் பிடித்து ஆட்டினார். "இதோ பாருங்க, ஆடுது."

"நீங்க ஆட்டறீங்க, அதான் ஆடுது. அட்டையை மடிச்சு வெச்சா நின்னுடும்."

"அட்டையா?" என்றார் மேஸ்திரி. தன் வேலையைத் தானே குறை சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் துணிந்து இறங்கினார். "இங்க ஒரு கணு இருக்கு சார். பெரிய கணு. அசிங்கமா இருக்கு."

"மரம்னா கணு இருக்கும்."

"பாலிஷ் திட்டுத்திட்டா இருக்கு சார்! இதையெல்லாம் வீட்டுல போட்டா நாலு பேர் என்னைக் காறித் துப்புவாங்க. இன்னும் ஒரே ஒரு மாசம் குடுங்க."

"மேஸ்திரி," என்றார் அவர். "இது ஆயுசுக்கும் நிக்க வேண்டாம். ஒரு வருஷம் நின்னாப் போதும். உடைஞ்சா உடையட்டும், இந்தத் தடவை முதல்ல அவளைத் தூக்கறேன். என் பொண்டாட்டி இன்னிக்கு வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான்."

அவர் தானே குனிந்து, இடுப்பு வலியோடு ஒரு நாற்காலியைத் தோளில் தூக்கி வாசல் பக்கம் திரும்பினார். கண்ணில் ஈரமும் முகத்தில் சிரிப்புமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அப்போது மூலையிலிருந்த பாலிஷ்கார அம்மா மூக்குத் துணியை இறக்கிவிட்டு, மேஸ்திரியைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டாள்:

"என்னண்ணே குடுத்து அனுப்பறீங்க? 'முடிச்சுக் குடுத்துடாதீங்க, முடிச்சா நான் சத்தியத்துக்காக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்'னு வாரா வாரம் வந்து அழுதுட்டுப் போறாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு நாளைக்கு என்னண்ணே பதில் சொல்லுவீங்க?"