கட்டில் காலில் நின்ற கிரகணம்

காசைக் கொட்ட வேண்டிய இடத்தில் மிச்சம் பிடித்து, மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் காசைக் கொட்டுவது ஒரு கலை. அதில் எனக்கு ஈடு யாரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் என் மனைவி கனகாவைக் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

எண்பதாம் வருஷம். ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார். கார்த்திகையில் கல்யாணம் முடிந்து, மாசி பிறந்தும் கனகா கணியம்பாடியில் அம்மா வீட்டிலேயே இருந்தாள். காரணம் மாமனார். "ஒரு பஸ்ஸ உட்டா மறு பஸ்ஸு எப்ப வரும்னு தெரியாத ஊரு. வூட்ட ஒரு தபா கண்ணால பாத்துட்டுதான் பொண்ண உடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஆனால் சீர்சாமான் மட்டும் முன்னாலேயே மலையேறி வந்துவிட்டது. அதில் ராஜா மாதிரி வந்து இறங்கியது ஒரு தேக்குக் கட்டில். மாமனாரே கூட உட்கார்ந்து, ஆசாரியிடம் கடைந்து வாங்கிய நாலு கால், ஒவ்வொன்றிலும் தாமரைமொட்டு.

பெண்டாட்டி வராத வீட்டில் கட்டிலுக்கு என்ன வேலை? எனக்கோ அப்போது தொலைநோக்கிப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. பெங்களூர் நண்பன் ஒருவன் நல்ல முன்லென்ஸ் கொடுத்திருந்தான். போளூர் தகரக்கடையில் குழாய் அடித்தாயிற்று. கண் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ் இருக்கிறதே, ஐபீஸ், அதற்கு உடைந்த பைனாகுலர் கண்ணாடி இரண்டை பிலிம் ரோல் டப்பாவில் பொருத்தி ஒன்று செய்து வைத்திருந்தேன். பார்க்க மூக்குப்பொடி டப்பா மாதிரி இருக்கும். குறி பார்க்கிற குழாய்க்கு அடுப்பு ஊதுகுழல். (அதுவும் சீரில் வந்ததுதான்.)

இந்த ஏழைக் கோலம் பிடிக்காமல், இருந்த காசையெல்லாம் போட்டு ஒரு ஜப்பான் ஐபீஸ் வாங்கினேன். உள்ளங்கையில் வைத்தால் நகைக்கடையிலிருந்து வந்தது போல மின்னும். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "மொதல்ல நல்ல ஸ்டாண்டு வாங்குடா. நிக்கிறதுக்குக் காலே இல்லாம கண்ணு எதுக்கு? அப்புறம், சூரியனுக்கு மட்டும் இதப் போட்டுடாத" என்றான். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினேன். நிற்பதற்குக் கால்தானே வேண்டும்? கட்டிலில் நாலு இருக்கிறது, மூன்று போதும்!

மூன்றைக் கழற்றி, ஒரு பலகைக்கடியில் சணல் கயிற்றால் இறுகக் கட்டினேன். முழங்கால் உயரத்தில் ஒரு முக்காலி கிடைத்தது. பணக்காரன் நின்று பார்ப்பான், நான் குந்திப் பார்ப்பேன், அவ்வளவுதானே வித்தியாசம். நாலாவது காலையும் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டிலைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, தரை தொடுகிற மாதிரி போர்வையைப் போட்டு மூடிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் மாமனார், அத்தை, கனகா மூவரும் வந்து இறங்கினார்கள். மறுநாள் சூரிய கிரகணம். கிரகணம் கழிந்த பிறகு வீடு பிடித்திருந்தால் கனகாவை விட்டுவிட்டுப் போவார்கள், இல்லாவிட்டால் கையோடு அழைத்துப் போய்விடுவார்கள். போர்வையின் ஓரத்தை இன்னொரு தடவை தரைவரை இழுத்துவிட்டேன்.

மாமனார் நேராகப் போய்க் கட்டிலில்தான் உட்கார்ந்தார்.

"இன்னா மாப்ள, கட்டிலு குள்ளமா கீது?"

"மண் தரை மாமா. கொஞ்சம் உள்ள எறங்கியிருக்கு."

(நான் அறிவியல் வாத்தியார் என்பதை இங்கே மறுபடி நினைவுபடுத்துகிறேன்.)

மறுநாள் மதியம் அத்தை, புதுப்பெண் மேல் கிரகணம் படக் கூடாதென்று கனகாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, வாசலில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினாள். பிடிமானம் எதுவும் இல்லாமல் அது பாட்டுக்கு நின்றது. "கிரகணம் உட்டாதான் உலக்க வுழும்" என்றாள். அடி தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்று ஆரம்பித்தேன். அத்தை பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

பக்கத்திலேயே என் கருவியைக் கொண்டுவந்து வைத்தேன். கால்கள் தெரியாமலிருக்கப் பலகையைச் சுற்றிப் பழைய வேட்டி. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதால், வெள்ளைத் தாள் ஒட்டிய முறத்தை மாமனார் கையில் கொடுத்து, அதில் பிம்பம் விழும்படி வைத்தேன். மாமனாரை அசத்த வேண்டிய நாளில் மூக்குப்பொடி டப்பாவா? ஜப்பான்காரனைத்தான் போட்டேன்.

"அட, கடிச்ச அப்பளமாட்டம் கீதே!" மாமனார் குழந்தையாகிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பளத்தில் பூஞ்சை பிடித்தது. பிறகு கொப்புளம் விட்டது. கழற்றிப் பார்த்தால், வெயில் குவிந்த சூட்டில் ஜப்பான் லென்ஸை ஒட்டியிருந்த பசை வெந்து குமிழ் குமிழாய் நிற்கிறது. நண்பன் சொன்னதன் இரண்டாம் பாதி அப்போதுதான் காதில் விழுந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. வேறு வழியில்லாமல் டப்பாவைச் செருகினேன். அதில் பசை போட்டு ஒட்டியது எதுவும் இல்லை, அதனால் வேகவும் இல்லை. சூரியன் பளிச்சென்று விழுந்தது.

"இத்த மொதல்லயே போட்டிருக்கலாமே மாப்ள!"

அந்தப் பாராட்டில் மயங்கி, நகர்ந்துவிட்ட சூரியனைப் பிடிக்கக் குழாயை ஒரு தள்ளு தள்ளினேன். கயிறு நெகிழ்ந்தது. ஒரு கால் கிழக்கே போனது, ஒன்று மேற்கே போனது. குழாய் தடாலென்று தாம்பாளத்தின் விளிம்பை உரசிக்கொண்டு விழுந்தது. வேட்டி அவிழ்ந்தது. (குழாயின் வேட்டிதான்.) மஞ்சள் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. உலக்கை அசையவே இல்லை.

அத்தை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "காலே இல்லாத உலக்க நிக்குது. மூணு கால வெச்சிக்கினு இது வுழுந்துடுச்சி."

மாமனாரின் காலடியில் ஒரு தாமரைமொட்டு உருண்டு வந்து நின்றது. எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராக உள்ளே போய்ப் போர்வையைத் தூக்கினார்.

"செங்கல்லு! எம் பொண்ணு செங்கல்லு மேல படுக்கறதா? கனகா, பொட்டிய எடு. மொத பஸ்ஸுக்குப் போயிடலாம்."

என் குடும்ப வாழ்க்கை தொடங்குவதற்குள் முடிந்தது என்றே நினைத்தேன். கனகா பெட்டியை எடுக்கவில்லை. சுவரைக் காட்டினாள்.

"நைனா, இங்க வந்து பாரு. அப்பவே புடிச்சி நான் இத்ததான் பாத்துக்கினு கீறேன்."

கூரையில் ஓடு விலகியிருந்த சந்து வழியாக வந்த வெளிச்சம், சுவரில் அழகான பிறையாக விழுந்திருந்தது. வானத்தில் நடந்த கிரகணம் அப்படியே அதில் இருந்தது. லென்ஸ் இல்லை, குழாய் இல்லை, கால் இல்லை, செலவும் இல்லை. நான் ஆடி ஆடிக் காட்டியதை அந்த ஓட்டை ஆடாமல் காட்டிக்கொண்டிருந்தது.

மாமனார் சுவரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "ஓடும் ஒயுங்கா இல்ல" என்றார். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை.

"இவர இப்படியே உட்டுட்டுப் போனா கதவையும் கயட்டிடுவாரு நைனா. பக்கத்துல ஆளு இருக்கணும். நான் இருக்கறேன்" என்றாள் கனகா. காதல் வசனம் என்று இதுவரை எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பஸ் ஏறும்போது மாமனார் என் காதருகே குனிந்தார். "ஆப்பு வெச்சி அடிங்க மாப்ள. கயிறு வாணாம்."

அடித்தேன். கட்டிலின் ஒரு கால் மட்டும் இன்றுவரை ஆடுகிறது. பிற்பாடு நல்ல ஸ்டாண்டும் வாங்கினேன், வெந்துபோன ஜப்பான்காரனுக்கு மாற்றும் வாங்கினேன். ஆனால் இன்றும் எனக்குத் தொலைநோக்கிச் சாமான் என்று பார்சல் வந்தால், கனகா அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில் போய்க் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்க்கிறாள்.