நான் அடைத்த வாசல்

இல்லாத சுவரில் சாய்ந்து விழுந்தவன் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் மறுப்பதற்கில்லை. அந்தச் சுவரை வைத்தவனும் நான்தான் என்பது கூடுதல் கேவலம்.

தூத்துக்குடியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் எனக்கு ஆறு மாதப் பயிற்சிக்காலம் முடிகிற வாரம் அது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். (துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பா, முத்தையாபுரம் பஸ் கண்டக்டரிடம்கூட "மவன் எஞ்சினியரு" என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குவார்.) முதலாளி அண்ணாச்சி தெளிவாகச் சொல்லியிருந்தார்: "காயல்பட்டினத்து வீட்டுக்கு இன்னைக்குச் சம்மதம் வாங்கிட்டா ஒன் வேல நிரந்தரம். இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

கணினியில் வரைந்த, இன்னும் கட்டாத வீட்டுக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிஜம்போல நடக்கும் வி.ஆர். ஏற்பாடு என் பொறுப்பு. முந்தின நாள் நானே உள்ளே நடந்து, குழாய் எங்கே உத்தரத்தில் முட்டுகிறது என்றெல்லாம் தேடித் திருத்தினேன். அப்போதுதான் அந்த மகா தவறு கண்ணில் பட்டது. அடுப்படிச் சுவரில் ஒரு வாசல், நேராகப் பக்கத்து வீட்டுக்குள் திறந்தது. எங்கள் தெருவில் அடுத்தவர் சுவரில் ஆணி அடித்தாலே பஞ்சாயத்து. வரைந்த அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது என்று பரிதாபப்பட்டு, யாரையும் கேட்காமல் வாசலை அடைத்துவிட்டேன்.

வீடு கட்டப்போகிறவர் ஆயிஷா அக்கா. மனைக்குப் பக்கத்து வீடு அவருடைய லாத்தா வீடு. (அக்காவை அங்கே லாத்தா என்பார்கள்.) மறுநாள் அந்த லாத்தா வீட்டுக் கூடத்தில்தான் நானும் அண்ணாச்சியும் அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டோம். துபாயிலிருந்து அவர் கணவர் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிஷா அக்கா கண்ணாடிக்குள் சந்தோஷமாக அடுப்படி வரை நடந்து, வலப்பக்கம் திரும்பி, நின்றுவிட்டார்.

"எங்கன போறீய?" என்றார் கணவர்.

"லாத்தா வீட்டுக்குத்தான். வாசலக் காணோமே."

"அது தப்பா இருந்துச்சுக்கா. நான்தான் அடைச்சேன்" என்றேன், பாராட்டுக்குத் தயாராக.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "ஏலே, இங்கன பொம்பளைக தெருவுக்கு வராம வீட்டுக்கு வீடு போற வாசலு அது. அந்த வாசலுக்காவத்தான் இந்த மனையே வாங்கியிருக்காவ."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, "சுவரு எவ்வளவு உறுதின்னு பாருங்க" என்று முழங்கையை ஊன்றி, காலைப் பின்னிக்கொண்டு, அலட்சியமாகச் சாய்ந்தேன்.

சுவர் கண்ணாடிக்குள் இருந்தது. கூடத்தில், அதே இடத்தில், லாத்தா எங்களுக்காகச் செய்து முக்காலியில் வைத்திருந்த வட்டிலாப்பம் இருந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி அவித்த அந்த இனிப்புக்குள் தோள்வரை போனேன்.

முதலில் சிரித்தது துபாய். பிறகு லாத்தா. "அடைச்சவரே ஒடைச்சுக்கிட்டு வந்துட்டாரு" என்றார்.

ஆயிஷா அக்கா சிரித்துச் சிரித்து நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாசலு சரியா அங்கனதான் வேணும் தம்பி, நீங்க விழுந்த எடத்துல. இப்பவே வைங்க, பாக்கணும்."

பிசுபிசுத்த விரலோடு வாசலைத் திரும்ப வைத்தேன். அவர் மறுபடி கண்ணாடியை மாட்டி, அதன் வழியே நடந்து, "லாத்தா, வந்துட்டேன்" என்றார். சம்மதம் கிடைத்தது. வேலையும்.

இப்போது வீடு எழும்பிவிட்டது. அந்த வாசலுக்கு இரண்டு வீட்டிலும் 'எஞ்சினியர் வாசல்' என்றுதான் பெயர். எங்கள் வீட்டிலோ, நான் எந்தச் சுவரில் சாயப்போனாலும் அப்பா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்துவார்.

"தட்டிப் பாத்துட்டுச் சாயிலே."

தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாய்கிறேன்.