வணிகன் மனைவி ஏன் பேசவில்லை

டோரினின் விடைத்தாளில் இருபதுக்கு நான்கு என்று சிவப்பு மையில் போட்டு, கீழே ‘பொறுமையைக் காணவில்லை’ என்று எழுதியிருந்தார் ஞானேந்திரன் சேர்.

டோரின் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க். பிள்ளைகளெல்லாம் தலையெடுத்த பிறகு தமிழ்ப் பட்டத்துக்குப் படிக்கத் தொடங்கியவள். ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, வெள்ளவத்தையில் சேரின் வீட்டு வகுப்புக்கு வருவாள். பாடம் ஒரு பழங்காவியம். கடல் கடந்துபோன வணிகன், பல வருடம் கழித்து ஒரு விளக்கமும் சொல்லாமல் வீடு திரும்புகிறான். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் சோறு பரிமாறுகிறாள். அந்த மௌனம் பொறுமை என்றுதான் எல்லா நோட்ஸிலும் இருந்தது. கோபம் என்று டோரின் எழுதியிருந்தாள்.

“அவ பொறுமையா இருந்தவ எண்டா, எப்பிடி இருக்கிறீங்க எண்டாவது கேட்டிருப்பா சேர். வாயே திறக்கேல்லையே.”

கோபக்காரி எதற்குச் சோறு போடுகிறாள் என்று சேர் கேட்டார். வகுப்பே சிரித்தது. பொறுமை என்று மாற்றி எழுதினால் பதினாறு தருவதாகவும் சொன்னார்.

“மாத்த மாட்டன் சேர். நிரூபிச்சுக் காட்டுறன்.”

அன்று மாலையே டோரின் வீட்டில் பேச்சை நிறுத்தினாள். சமைத்தாள், பரிமாறினாள், வாய் திறக்கவில்லை. கோபத்துக்குக் காரணம் தேடவேண்டியிருக்கவில்லை; கல்யாணமாகி இத்தனை வருடமாயிற்றே. கணவன் ஒஸ்வால்டுக்கு விளங்க ஒரு சாப்பாட்டு நேரம் போதும் என்று நினைத்தாள்.

ஒஸ்வால்ட் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தான். கரைச்சல் இல்லாமல் ஒரு மெட்ச்சை முழுதாகப் பார்த்தது இன்றைக்குத்தான் என்று தாயிடம் சந்தோஷப்பட்டான்.

டோரின் சட்டி பானைகளை அடித்து வைத்தாள். மருமகளுக்குக் குசினியில் இப்போது நல்ல சுறுசுறுப்பு என்றாள் மாமியார். டோரின் கறியில் உப்பை அள்ளிக் கொட்டினாள். மாமியார் பயந்துபோனாள். பேச்சும் வருகிறதில்லை, ருசியும் தெரிகிறதில்லை, பிள்ளைக்குத் தொண்டையில் ஏதோ என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். அதற்கும் குரல் வராததால் பங்குப் பாதரைக் கூட்டிவந்தாள். அவர் தொண்டை நோய்க்குச் செய்கிற வழக்கப்படி இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகத் தொண்டையில் வைத்து ஆசீர்வதித்தார். டோரின் அவரை எரித்துவிடுகிறவள்போலப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசைப் பிரசங்கத்தில் பாதர், நோயிலும் முணுமுணுக்காத, கண்களில் பக்தி சுடர்விடும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. ஆனால் முன் வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பி டோரினைப் பார்த்தார்கள். ஒஸ்வால்ட் பெருமையோடு நிமிர்ந்து இருந்தான்.

பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும் டோரின் வாயைத் திறந்தாள்.

“எனக்குத் தொண்டையில ஒண்டுமில்ல. ஒரு கிழமையா நான் கோபமா இருக்கிறன். ஒரு ஆளுக்கும் விளங்கேல்ல.”

பாதரின் ஆசீர்வாதத்தில் குரல் வந்துவிட்டது, கடவுளின் புதுமை நடந்துவிட்டது என்று மாமியார் அழுதாள். சனம் கூடிவிட்டது. மெழுகுதிரி வாங்க ஓடினவர்களை விலக்கிக்கொண்டு டோரின் பஸ் ஏறினாள்.

நடந்ததை ஒளிக்காமல் சேரிடம் சொன்னாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இப்ப விளங்குதோ? உங்கட வீட்டாக்களே பொறுமை எண்டுதான் எடுத்திருக்கினம்.”

பொம்பிளைகளின் மௌனத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது என்றார். தன் மனைவியையே உதாரணம் காட்டினார். முந்தி எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசினவளாம், இப்போது அப்படியொரு அடக்கமாம். பிறகு, மாற்றி எழுதச் சொல்லி வெள்ளைத் தாளை நீட்டினார்.

டோரின் தாளைத் தொடவில்லை.

“நாலே போதும் சேர். சோதினையிலயும் கோபம் எண்டுதான் எழுதுவன். நான் ஒரு கிழமை இருந்து பாத்தனான்.”

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கேற்றைத் திறந்துவிட சேரின் மனைவி வந்தாள். டோரின் வெளியே கால் வைத்ததும், வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் மெல்லச் சொன்னாள்:

“மாத்தி எழுதிப்போடாதேங்கோ தங்கச்சி. நான் அவரோட கோவிச்சுக்கொண்டு கதையாமல் விட்டு ரெண்டு வருஷமாகுது. அவருக்கு இன்னும் தெரியாது.”