நாலு டயர், நாலு கால்

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு நானும் உங்க வண்டில வர்றேன்" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

டயர் சாரின் கையிலிருந்த டீ, மேசை மேல் இருந்த கட்டுரையில் கொட்டியது. அவசரமாகத் துடைத்தார். துடைத்த காகிதம் இன்னொரு கட்டுரை என்பது துடைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"சிரமம் என்னங்க. நீங்க ஓட்டுறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்தப் புது ஆல் சீசன் டயர் நாலும் வந்துடுச்சில்ல? மழை, வெயில், குளிரு, எல்லாத்துக்கும் ஒரே டயர்ங்கறான். அதுலயே பாத்துடலாம்."

வண்டிப் பிரியர்களுக்கான அந்த மாத இதழில் பதினோரு வருடமாக டயர் விமர்சனம் எழுதுகிறவர் டயர் சார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. "வளைவில் இந்த டயர் ஒரு நொடி யோசிக்கிறது" என்று அவர் எழுதிவிட்டால் போதும், அந்த டயரை வாங்க வந்தவர்கள் கடை வாசலில் நின்று இரண்டு நொடி யோசிப்பார்கள். டயர் கம்பெனிக்காரர்கள் அவரிடம் போனில் பேசும்போதுகூட எழுந்து நிற்பதாகக் கேள்வி.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு குறை. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

ஓட்டுவது அவருடைய மனைவி. இவர் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். "சனியன், தண்ணில வழுக்குது" என்று அவள் சொன்னால், "ஈரமான சாலையில் பிடிமானம் சற்றே தயங்குகிறது" என்று எழுதிக்கொள்வார். "பரவால்ல, சத்தம் இல்ல" என்றால், "இரைச்சலைத் துறந்த டயர்." இப்படியே பதினோரு வருடம் போய்விட்டது, ஒருவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் முழுக் கதையையும் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா பத்திரிகைல என் பக்கம் போயிடும். பக்கம் போனா வேலை போயிடும். நாப்பத்தெட்டு வயசுல எனக்கு வேற என்ன தெரியும்?"

"இது மட்டும் தெரியுமா?"

"வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எப்படிடி அவர்கிட்ட சொல்றது?"

"தெரியாதுன்னு யாரு சொன்னா? பதினோரு வருஷம் ஓட்டிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் டயர் சார் வலது மணிக்கட்டில் பெரிய கட்டோடு அலுவலகம் போனார். ஆசிரியர் பதறிப்போய்விட்டார்.

"என்னங்க இது? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு மாசத்துக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாதுன்னுட்டார் சார்."

"அடடா. சரி, உடம்பைப் பாருங்க. உங்க பக்கத்தை மோட்டார் சைக்கிள் பகுதி எழுதுற அம்மாகிட்ட குடுத்துடறேன். அவங்க ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருக்காங்க."

மதியச் சாப்பாட்டுக்குள் கட்டு காணாமல் போனது. ஆசிரியர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்குள்ள குணமாயிடுச்சா?"

"சுளுக்குதான் சார். ஒரு உதறு உதறினேன், போயிடுச்சு."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. சனிக்கிழமை கொஞ்சம் வேகமாவே போயி, ஈரத்துல திடீர் பிரேக்கெல்லாம் போட்டுப் பாத்துடலாம்."

அன்று மாலையே டயர் சார், வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கற்றுக்கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தைந்து வயது, இருபத்திரண்டு வருட அனுபவம். கற்றுக்கொள்ள வந்தவர்கள் செய்த காரியங்களால் தலைமுடி முக்கால்வாசி போய்விட்டிருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். டயர் சார் ஒரு குப்பைத் தொட்டியின் மேல் ஓரம் கட்டினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கை உங்களுக்கு நல்லா வருது. காலுதான் வரல. பிரேக்கை மிதிங்கன்னா ஏன் சார் ரெண்டு காலையும் மேல தூக்கறீங்க?"

"பயத்துல மாஸ்டர்."

"பயத்துல மிதிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். தூக்கறவரை இப்பத்தான் பாக்கறேன்."

டயர் சார் குனிந்து மாஸ்டரின் காலடியைப் பார்த்தார். பயிற்சி வண்டி என்பதால் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் இரண்டு பெடல்கள் இருந்தன. ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இந்த மூன்று நாளும் அவரை உயிரோடு வைத்திருந்தவை அவைதான்.

"மாஸ்டர், நாளைக்கு நான் இதே வண்டியைத்தான் ஓட்டப்போறேன். நீங்க பக்கத்துல உக்காந்து உங்க காலால பாத்துக்குங்க. கேட்டா என் மச்சான்னு சொல்லிக்கறேன்."

"எனக்குக் கூடப்பொறந்தவங்களே கிடையாதே சார்."

"ஒரு நாளைக்குத்தான் மாஸ்டர்."

டயர் சாரின் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் மனசு கரையும். மாஸ்டருக்கும் கரைந்தது.

பயிற்சி வண்டியும் டயர் சாரின் வண்டியும் ஒரே மாடல் என்பதால் புது டயர்கள் நான்கும் கச்சிதமாகப் பொருந்தின. கூரை மேலிருந்த பலகையைக் கழற்றினார்கள். கதவுகளில் சிவப்பு எழுத்தில் இருந்த "பயிற்சி வாகனம், தள்ளி வரவும்" என்பதன் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள். சனிக்கிழமை காலை மனைவி வாசலில் நின்று வண்டியையும் மாஸ்டரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கப்பா இருந்திருந்தா இவரைப் பாத்து ரொம்ப ஆச்சரியப்பட்டிருப்பாரு" என்றாள்.

ஊருக்கு வெளியே, போட்டு முடித்து இன்னும் திறக்காத சுற்றுச்சாலை. ஆசிரியர் வழக்கம்போல் அலுவலக வண்டியில், பின் இருக்கையில் வந்து இறங்கினார். அவருக்கு முதுகு வலி என்பதால் ஸ்டீயரிங் பக்கமே உட்காருவதில்லை என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே நடந்து வந்தவர் மாஸ்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

மாஸ்டர் அதைவிட மோசம். தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

தொலைந்தோம், பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார் என்று டயர் சார் நினைத்தார்.

"இவரு... இவரு யாரு?" என்றார் ஆசிரியர்.

"என் மச்சான் சார். வீட்டுக்காரியோட அண்ணன்."

"மச்சானா?" ஆசிரியர் கைக்குட்டையை எடுத்தார். "என்ன வேலை பாக்குறாரு?"

இதை அவர்கள் பேசி வைத்திருக்கவில்லை. "பல் டாக்டர்" என்று டயர் சாரும், "வெளியூரு" என்று மாஸ்டரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"வெளியூர்ல பல் டாக்டர் சார்" என்று டயர் சார் ஒட்டுப் போட்டார்.

"ரொம்ப நல்லது" என்று ஆசிரியர் பெருமூச்சு விட்டார். அதில் என்ன நல்லது என்று யாருக்கும் புரியவில்லை. "டாக்டர் பின்னால உக்காரட்டும். நான் முன்னால இருந்தாத்தான் டயர் சத்தம் சரியாக் கேக்கும்."

"சார், மச்சானுக்குப் பின்னால உக்காந்தா வாந்தி வரும்."

"கண்ணை மூடிக்கிட்டு வரட்டும்."

சொல்லிக்கொண்டே ஆசிரியர் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர், டயர் சாரைக் கடைசி முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார்.

ஆசிரியரின் பார்வை கீழே இருந்த பெடல்களுக்குப் போனது. டயர் சார் முந்திக்கொண்டார்.

"அது சும்மா கால் வைக்கறதுக்கு சார். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி."

"நல்ல வசதி" என்ற ஆசிரியர், இரண்டு காலையும் எடுத்து இரண்டின் மேலும் பதமாக வைத்துக்கொண்டார்.

வண்டி இரண்டு முறை துள்ளி, மூன்றாம் முறை கிளம்பியது. கை நன்றாக வருகிறது என்று மாஸ்டர் சொன்னது பொய்யில்லை, நேராகத்தான் போனது. லேசாகத் தூறத் தொடங்கியது. திடீரென்று இஞ்சின் ஓவென்று கத்தியது, ஆனால் வண்டி இழுக்கவில்லை. டயர் சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பதினோரு வருடப் பழக்கம் கைகொடுத்தது.

"ஈரத்துல டயர் சுத்துது சார். பிடிமானம் தயங்குது."

"ஆமா ஆமா, தயங்குது" என்று ஆசிரியர் அவசரமாகக் காலை எடுத்தார்.

சிறிது தூரம் போனதும் வண்டி நட்ட நடுச் சாலையில் சடாரென்று நின்றது. மாஸ்டரின் நெற்றி முன் இருக்கையில் மோதிய சத்தம் கேட்டது.

"இது பிரேக் சோதனை சார்" என்றார் டயர் சார், தான் ஒன்றுமே செய்யவில்லை என்பது நன்றாகத் தெரிந்தும்.

"அபாரம்" என்றார் ஆசிரியர். அவர் முகம் பளிச்சென்று இருந்தது. "இன்னொரு தடவை பண்ணலாமா?"

அப்போதுதான் டயர் சார் ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். ஆசிரியரின் வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்துதான் இந்த மனிதர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல், காலால் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்.

மழை வலுத்தது. கதவில் ஒட்டிய காகிதம் நனைந்து உரியத் தொடங்கியது. பக்கக் கண்ணாடியில் "தள்ளி வரவும்" சிவப்பாகத் தெரிந்தது. அதையே வெறித்துப் பார்த்த டயர் சார் வளைவைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். வளைவு தாண்டியதும், சாலைக்குக் குறுக்கே ஒரு ரோடு ரோலர் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர் மேலே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

டயர் சார் வழக்கம்போல் இரண்டு காலையும் தூக்கினார்.

"பிரேக்கு, பிரேக்கு" என்று பின்னாலிருந்து மாஸ்டர் அலறினார்.

"எது?" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று டயர் சார் நினைத்தார்.

பக்கத்தில் ஒரு பெடல் அமுங்கிய சத்தம் கேட்டது, வண்டி வேகம் குறையவில்லை. ரோலர் கண்ணாடி முழுக்கப் பெரிதாக வந்தது. டயர் சார் மனைவியை நினைத்துக்கொண்டார். சொல்லிடுங்க என்று அவள் சொன்னபோதே சொல்லியிருக்கலாம். அப்புறம் வண்டி கிறீச்சிட்டு நின்றது. ரோலருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. ரோலர்காரர் பிளாஸ்கை எடுத்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

டயர் சார் தூக்கிய கால்களை மெல்லக் கீழே இறக்கினார்.

"டயரு" என்றார் ஆசிரியர். "டயரு நல்லா பிடிக்குது."

"ஆமா சார்."

"பத்துக்கு ஒம்பது போட்டுடுங்க."

"போட்டுடறேன் சார்."

ஆசிரியர் டயர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு நான் நிறையக் கத்துக்கிட்டேன். இந்தப் பத்திரிகை இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் உங்களோடதுதான்." சொல்லிவிட்டு, உரிந்து தொங்கிய காகிதத்தையோ கதவு எழுத்தையோ பார்க்காமல், மழையில் நனைந்துகொண்டே தன் வண்டியைத் தேடி நடந்தார்.

திரும்பும்போது மாஸ்டர் ஓட்டினார். நெற்றியில் ஒரு புடைப்பு இருந்தது. டயர் சார் அதைக் கவனிக்கவே இல்லை.

"என்ன மனுஷன் மாஸ்டர். என் பொழப்பு மொத்தமும் அவரு கால்ல இருந்துச்சு. நினைச்சிருந்தா அங்கேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். எப்பேர்ப்பட்ட அனுபவம் இருந்தா அந்த நேரத்துல அப்படி ஒரு பிரேக் போட முடியும்?"

மாஸ்டர் திரும்ப வேண்டிய தெருவைத் தவறவிட்டார். "எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு சார். கத்துக்க வர்றவங்களைப் பத்தி நாங்க வெளிய பேசறதில்ல."

"தெரியும் மாஸ்டர். என் விஷயத்தை வெளிய சொல்ல மாட்டீங்க. அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு."

மாஸ்டர் அடுத்த தெருவையும் தவறவிட்டார்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று டயர் சார் முடிவு செய்தார். அவ்வளவு பெரிய ஓட்டுநரிடம் இனிமேலும் நடிப்பது பாவம். பயிற்சிப் பள்ளி வாசலில் இறங்கியபோது, பதினோரு வருடத்தில் முதல் முறையாக நெஞ்சு லேசாக இருந்தது.

உள்ளே மேசையில் இருந்த பெண், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாஸ்டர், அந்த வண்டிப் பத்திரிகை ஆசிரியர் இப்பத்தான் போன் பண்ணாரு. சாயந்திரம் கிளாசுக்கு வரலையாம். எட்டு வருஷமா குழம்பிட்டே இருந்தாரே, எது கிளட்ச், எது பிரேக்குன்னு, அது இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுச்சாம்."