ஒரு கைப்பிடி சாம்பிள்

யட்டவத்த,
வெள்ளிக்கிழமை, கடை மூடிய பின்.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மைத்துனர் சுந்தரலிங்கம் அவர்கள் சமூகத்திற்கு,

சிவலிங்கம் வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை சந்திரகாந்தாவும் மகள் விஜிதாவும் சுகம். தாங்களும் வத்தளையில் அவ்வாறே சுகமாயிருக்க முருகன் துணை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் தங்கள் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வசனத்தையும் திருத்துகிறாள். ஆகையால் கொழும்புக்கு மிளகு ஏற்றிப்போகும் லொறிக்கார ஹுஸ்னியிடம் இக்கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் தாங்கள் பேசிவைத்த நாலந்தா ஊர்ச் சம்பந்தம். மாப்பிள்ளை கிஷாந்த் அரசாங்க உத்தியோகத்தர், தங்கமான பையன், ஒரு குறையும் இல்லை. வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கும் நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. மாத்தளையில் லீசிங் கம்பனியில் வேலை என்று நானும் சொல்லிவிட்டேன். அந்த வேலையை அவ போன வருஷமே விட்டுட்டா மச்சான். இப்ப எழுத்தாளராம். அதுவும் 'ப்ரீலான்ஸ்'. அவங்க வந்து கேட்டா நான் என்னன்னு சொல்ல?

நானும் பொறுமையா விசாரிச்சுப் பார்த்துட்டேன். "யாரும்மா உன் முதலாளி?"ன்னா, "ஒருத்தர் இல்லப்பா, ஆறேழு பேர். ஒருத்தர் நிப்பாட்டினாலும் மத்தவங்க இருப்பாங்க, அதுதான் நிலையான வழி"ங்கறா. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு கேள்விப்பட்டிருக்கேன், இவளுக்கு ஏழு கால். ஒரு ஹோட்டலுக்கு அவங்க தோட்டத்துக் குருவிகளைப் பத்தி எழுதறா. அந்தக் குருவிய இவ பார்த்ததே இல்ல. கொழும்புல ஒரு பெரியவருக்கு அவரோட வாழ்க்கைக் கதைய எழுதிக் குடுக்கறா. கதை அவரோடது, எழுத்து இவளோடது, புத்தகத்துல பேரு அவரோடது. ஏன் மச்சான், அந்த ஆளுக்குத் தன் கதை தனக்குத் தெரியாதா? விடியக்காலைல எந்திரிச்சு சொந்தமா ஒரு நாவல் வேற. அந்த நேரத்துல வீட்டுல யாரும் கரண்டியக் கூட கீழ வைக்கப்படாது. அதுக்கு யாரும் ஒரு சல்லி குடுக்கறதில்ல. ஆனா அதை எழுதிட்டு வர்றப்பதான் புள்ள மூஞ்சில ஒரு வெளிச்சம். எனக்கு ஒண்ணுமே விளங்கல.

போன மாசம் ஒரு கம்பனிக்காரன், வேலை தரணும்னா முதல்ல ஒரு சாம்பிள் எழுதி அனுப்புன்னான். இவளும் சோறு தண்ணி இல்லாம குந்தியிருந்து எழுதி அனுப்பினா. வேலையும் வரல, பதிலும் வரல. ஒரு நாள் பார்த்தா அந்த எழுத்து அப்படியே அவன் இணையப் பக்கத்துல வந்திருக்கு, இவ பேரு இல்ல. புள்ள ஒரு மூலைல போய் உக்காந்து அழுதுச்சு மச்சான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நானே அவனுக்கு போன்ல கோல் எடுத்தேன். "ஏன்யா, சாம்பிள்னு அள்ளினா ஒண்ணு திருப்பிக் குடு, இல்ல விலையக் குடு! அள்ளின கை அள்ளினதுதான்னா அதுக்குப் பேரு யாவாரமா?"ன்னு கேட்டேன். "அது எங்க வழக்கம் அங்கிள்"ங்கறான். "வழக்கமா? பகல் கொள்ளை!"ன்னு கத்தினதுல கடைக்கு வந்த ரெண்டு பேர் திரும்பிப் போயிட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் காட்ட ஒரு ஆபீஸாவது இருக்கட்டுமேன்னு கடைக்கு மேல கராம்பு காயப்போடற அறைய ஒழிச்சு, மேசை போட்டு, 'விஜிதா - சகல எழுத்து வேலைகளும்'னு ஒரு போர்டும் மாட்டினேன். மறுநாளே படிக்கட்டுல வரிசை. சனங்க அவளைப் பெட்டிசம், மனு எழுதற ஆளுன்னு நினைச்சுட்டாங்க. தண்ணி வரலன்னு ஒருத்தர், அடுத்த வீட்டு மாடு வருதுன்னு ஒருத்தர். தலைல அடிச்சுக்குவான்னு பார்த்தா, இவ எல்லாரையும் உக்கார வச்சு ஆற அமரக் கேட்டு எழுதிக் குடுக்கறா. "இதுவும் எழுத்துதானேப்பா"ங்கறா.

இனிதான் கூத்து. எங்க மிளகு வியாபாரிகள் சங்கத்துக்கு வர்ற முறைப்பாட்டைக் கூட்டத்துல வாசிக்கறது செயலாளர் வேலை. செயலாளர் நான்தான். செவ்வாய்க்கிழமை ஒண்ணு வந்திருந்துச்சு, எழுந்து நின்னு கணீர்னு வாசிச்சேன். 'ஐயா, நான் நாலு மிளகுக் கொடி வைத்துப் பிழைப்பவன். முதலாளி என் சாக்கைத் திறந்து, சாம்பிள் என்று ஒரு கை அள்ளுவார். ஊதிப் பார்ப்பார். இரண்டைக் கடித்துப் பார்ப்பார். காரம் போதாது என்று விலையைக் குறைப்பார். ஆனால் அந்தக் கை மிளகு அவருடைய நல்ல மிளகுச் சாக்கில்தான் விழும். அதற்குப் பிறகுதான் தராசு. அந்த ஒரு கை மிளகு என் மனைவி எறும்புக்கடியோடு ஏணியில் நின்று பறித்தது.' பக்கத்துல யாகூப் நானா கண்ணைத் தொடைக்கறாரு. அவரும் அள்ளறவர்தான், அவர் கை என்னோடதை விடப் பெருசு. நான் மேசைல ஓங்கித் தட்டி, "இப்படிப்பட்டவனை நம்ம சங்கத்துல வச்சிருக்கலாமா?"ன்னு கேட்டுட்டுத் தாளைத் திருப்பினேன். முறைப்பாடு செய்பவர்: முத்துவீரன். முதலாளி: என் பேரு.

எட்டு நாளைக்குள்ள எழுத்துல விளக்கம் குடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. தீர்மானத்தை எழுதினதும் நான்தான், செயலாளராச்சே!

வீட்டுக்கு வந்து, "நீயா எழுதின?"ன்னேன். "நான்தான்பா. ஆனா பாதி வசனம் உங்களோடது, அன்னைக்குப் போன்ல சொன்னீங்களே"ங்கறா. அது வேற, இது வேற இல்லையா மச்சான்? சாம்பிள் அள்ளறது எங்கப்பா காலத்து யாவார வழக்கம். வழக்கம் எப்படிக் கொள்ளையாகும்? உங்க தங்கச்சிகிட்டக் கேட்டா சிரிக்கறா.

ஆகையால் தாங்கள் ஞாயிறு காலையிலேயே வந்து, தாய்மாமன் என்ற முறையில் அவளைக் கண்டித்து, மறுபடி லீசிங் கம்பனிக்கே போகச் செய்ய வேண்டும். அதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். போர்டை நாளைக்கே கழற்றிவிடுகிறேன். அங்கே அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தங்கள் முழங்கால் வலி முருகன் அருளால் கடிதம் கிடைக்குமுன் பறந்து போகட்டும்.

தங்கள் வரவை வழிபார்க்கும்,
சிவலிங்கம்.

பி.கு.: சனிக்கிழமை காலை. ஹுஸ்னி லொறி இன்னும் வரல. அதுக்குள்ள சங்கத்துக்கு விளக்கத்தை நானே எழுதிப் பார்த்தேன். வாசிச்சா முத்துவீரன் சொல்றதுதான் சரின்னு எனக்கே படுது. மானத்தை விட்டு மாடி ஏறி மகள்கிட்டக் கேட்டேன். "ஒரு வழக்குல ரெண்டு பக்கமும் எழுத மாட்டேன்பா"ன்னா. எவ்வளவு கேட்டாலும் தர்றேன்னேன். "இந்த மாசம் கையில வேலை நிறைஞ்சிருக்குப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடறா. அரசாங்கக் கச்சேரில கூட என்னை இப்படி யாரும் திருப்பி அனுப்பினதில்ல! ஆகவே மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடுங்க. கண்டிக்க வர வேணாம், சாப்பிட வாங்க. நாலந்தாக்காரங்ககிட்ட எழுத்தாளர்னே சொல்லுங்க. நிரந்தர வேலையான்னு கேட்டா, பெத்த அப்பனுக்கே நேரமில்லாத வேலைன்னு சொல்லுங்க. போர்டு இருக்கட்டும்.

ஒரே ஒரு உதவி. என் விளக்கத்தை எழுத அந்தப் பக்கம் நல்ல எழுத்தாளர் யாராவது இருந்தா பாருங்க. விலையெல்லாம் பிறகு பேசிக்கலாம், முதல்ல ஒரு பக்கம் சாம்பிள் எழுதி அனுப்பச் சொல்லுங்க.